சாயம் பூசாத தூண்கள்

குற்றாலம்
5 மே 2025

பெர்சிஸ் அக்காவுக்கு,

பென்னி எழுதுவது. இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவனிடமிருந்து கடிதம் வருகிறதே, ஏதோ கெட்ட செய்தி என்று பயந்துவிட வேண்டாம். நான், செல்வி, ஜெர்லின் மூவரும் நலம். ஜெர்லின் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். இது நீ வேலை பார்க்கிற மரக்கிடங்குக்கு எழுதுகிற கடிதம். அங்கே வேறு யாராவது மேனேஜராக இருந்தால் அவருக்கே எழுதியிருப்பேன்.

மாடிக்குப் போகிற வெளிப்பக்கத்து இரும்புப் படி சாரலில் துருப்பிடித்துப் போயிற்று. போன சீசனில் மாடியில் தங்கிய ஒருவருடைய கால் தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. அதனால் வீட்டுக்குள்ளேயே மரப்படி வைக்கிறேன். பழைய வீட்டு உத்திரத்தைப் படிப்பலகையாக அறுத்தாயிற்று. நன்றாகக் கறுத்த வேங்கை. இனி வேண்டியது கைப்பிடி வந்து சேருகிற தூண்கள்தான். படி தொடங்குகிற இடத்தில் ஒன்று, திரும்புகிற இடத்தில் ஒன்று, உச்சியில் ஒன்று.

மூன்றும் ஓக் மரத்தில் வேண்டும். சங்கரநாராயணன் ஆசாரி சிரிக்கிறார். "செங்கோட்டைல தேக்கு கெடக்கு. அத விட்டுட்டு சீமை மரத்தத் தேடுதியளே" என்கிறார். செல்வியும் அதையேதான் சொல்கிறாள். இங்கே எந்தக் கடையிலும் ஓக் இல்லை. கப்பலில் இறங்குகிற மரம் உங்கள் கிடங்குக்கு வருகிறது என்று கேள்விப்பட்டேன்.

சாயம், வார்னிஷ் எதுவும் பூச வேண்டாம். எவ்வளவு வெளிறிய மரமாகக் கிடைக்குமோ அவ்வளவு நல்லது. சீசன் கூட்டம் ஏறுவதற்குள் வேண்டும்.

போன் பண்ணாதே. போனில் நாம் இரண்டு பேரும் ஏசிக்கொண்டுதான் வைப்போம். எழுது.

பென்னி


தூத்துக்குடி
10 மே 2025

பென்னிக்கு,

கிடங்குக்கு எழுதிய கடிதம் என்கிறாய். முதலில் மேனேஜராகவே பதில் சொல்கிறேன்.

ஓக்கில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு வகை உண்டு. சிவப்பு ஓக்கின் துளைகள் திறந்தவை. சின்னத் துண்டு ஒன்றை எடுத்து ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் காற்று வரும். குற்றாலத்துச் சாரலை அது வருஷம் முழுக்கக் குடித்துக்கொண்டிருக்கும். உனக்கு வெள்ளை ஓக்தான் சரி. அது துளை அடைபட்ட மரம், ஈரம் தாங்கும். ஆசாரியிடம் சொல்லிவை, இரும்பு ஆணி அதில் படவே கூடாது. ஈரமும் இரும்பும் சேர்ந்தால் அந்த இடம் மை கொட்டியதுபோல் கறுத்துவிடும். பித்தளைத் திருகு போடட்டும். தூண் எத்தனை கனம், தலை எந்த வடிவம் என்பதை நீ எழுதவில்லை. எழுது.

இனி மேனேஜர் பேசவில்லை.

வீட்டில் இருக்கிற மரம் எல்லாவற்றுக்கும் கறுப்புப் பாலிஷ் போட்டுப் பார்க்கிற ஆள் நீ. அப்பாவின் சாய்வு நாற்காலியைக்கூட விடவில்லை. உனக்கு எதற்கு வெளிறிய மரம்? சும்மா வெளிறியதாக இருந்தால் போதும் என்றால் மலையைத் தாண்டினால் ரப்பர் மரம் கிடைக்கிறதே. சீக்கிரம் புழு விழும், அவ்வளவுதான்.

அப்பாவின் நினைவு நாள் ஜெபத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, "இனிமே எங்க வீட்டு நடைல கால வைக்காத" என்று சொன்னாய். நானும் வைக்கவில்லை. இப்போது மூன்று தூணுக்காக அந்தக் கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறாய் என்றால் தூணில் ஏதோ இருக்கிறது. அதைச் சொல்.

பெர்சிஸ்


குற்றாலம்
16 மே 2025

அக்கா,

வெள்ளை ஓக்கே அனுப்பு. கனம் ஐந்து அங்குலம். கை நன்றாகப் பற்றிக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும்.

கீழ்த்தூணின் தலை உருண்டையாக இருக்கட்டும். திருப்பத்துத் தூணின் தலை சதுரம். உச்சியில் நிற்பதற்கு உருண்டையும் வேண்டாம் சதுரமும் வேண்டாம், தலையைச் சுற்றி விரல் பதிகிற மாதிரி ஆழமாக ஒரு வரி இழுத்தால் போதும். கீழ்த்தூணை முதல் படியை ஒட்டி வைக்கப்போவதில்லை. படிக்கு ஓரடி முன்னாலேயே நிறுத்தப்போகிறேன். "நடுவுல நிக்கும், வாரவன் போறவன் எல்லாம் இடிச்சுக்கிடுவான்" என்று ஆசாரி சண்டை போடுகிறார். அவர் கிடக்கிறார். பின்சுவருக்கு அடர்பச்சை அடித்துவிட்டேன்.

காரணம் கேட்கிறாய். கேரளத்திலிருந்து வந்து தங்குகிறவர்களுக்கு இந்த மாதிரி வெளிறிய மரம்தான் இப்போது பிடிக்கிறது. போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வருவார்கள். வேறு காரணம் இல்லை.

நான் ஓட்டுகிற பள்ளி வேனுக்குப் பள்ளி திறந்த பிறகுதான் ஓட்டம். இப்போது ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நேரம் இல்லை. இதற்கு மேல் என்னிடம் கேள்வி கேட்காமல் மரத்தை அனுப்பு.

பென்னி


தூத்துக்குடி
21 மே 2025

தம்பி,

உன் கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு நீ சொன்ன படியை அப்படியே ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். கறுத்த படிப்பலகை. பச்சைச் சுவர். அதன் நடுவில் பளிச்சென்று மூன்று தூண்கள். ஒவ்வொன்றின் தலையும் ஒவ்வொரு மாதிரி. கையை வைத்தால் அடியா, திருப்பமா, உச்சியா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். படி வருமுன்னே கைக்குத் தூண் வந்துவிடும்.

பென்னி, உனக்குக் கண் மங்குகிறது.

இல்லை என்று எழுதாதே. அப்பா கடைசி வருஷங்களில் என் வீட்டில் இருந்தபோது கதவு நிலைகளில் வெள்ளை டேப் ஒட்டினவள் நான். சாப்பாட்டைக் கறுப்புத் தட்டில் போட்டுக் கொடுத்தவளும் நான்தான். சோறு இருக்கிற இடம் அப்போதுதான் அவருக்குத் தெரியும். முதலில் மாலை நேரத்துப் பார்வை போயிற்று. பிறகு இரண்டு பக்கமும் போயிற்று. குழாய்க்குள் பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று சொல்வார். உன் வயதில்தான் அவருக்கும் தொடங்கியது.

இது ரத்தத்தில் வருவது, பிள்ளைகள் இரண்டு பேரும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று திருநெல்வேலி டாக்டர் சொன்னார். நான் போனேன். எனக்கு இல்லை. நீயும் போ, ஜெர்லினையும் கூட்டிப் போ என்று நினைவு நாளில் நான் சொன்னதற்குத்தானே என்னை வெளியே போகச் சொன்னாய்? என் பிள்ளைக்கு நாளை மாப்பிள்ளை வருமா என்று கத்தினாய். எல்லாருக்கும் முன்னால் அந்தப் பேச்சை எடுத்தது என் தப்பாகவே இருக்கட்டும். ஆனால் உனக்கு அன்றே ஏதோ தெரிந்திருக்கிறது. தெரியாதவன் அவ்வளவு கோபப்படமாட்டான்.

தூண்களைக் கடைந்து முடித்தாயிற்று. நீ கேட்டபடியே வந்திருக்கின்றன. கிடங்கில் சாத்தி வைத்திருக்கிறேன். ஆனால் அனுப்பமாட்டேன். வேன் ஓட்டுவதை விட்டுவிட்டேன் என்று நீ எழுதுகிற அன்றைக்கு அனுப்புகிறேன்.

பெர்சிஸ்


குற்றாலம்
25 மே 2025

அக்கா,

உன் மரம் எனக்கு வேண்டாம். செங்கோட்டையில் தேக்கு வாங்கிக்கொள்கிறேன்.

வியாபாரக் கடிதம் எழுதினவனுக்கு வைத்தியம் பார்க்க உனக்கு யார் சொன்னது? பகலில் எனக்கு நன்றாகத் தெரிகிறது. எதிரே வருகிற பஸ்ஸின் போர்டைப் படிக்கிறேன். இருட்டினால் கொஞ்சம் தடுமாற்றம். நாற்பத்தைந்து வயதில் யாருக்குத்தான் இல்லை? இருட்டின பிறகு நான் வண்டி எடுப்பதில்லை. கேட்கிறவர்களிடம் சீசன் அசதி என்கிறேன்.

வேனை விடு என்று நீ எழுதிவிட்டாய். வருஷம் முழுக்கப் பள்ளி வேன், சீசனில் அருவி வேன். இதை விட்டால் எனக்கு என்ன தெரியும்? தென்காசியிலிருந்து மேக்கரை வரை எந்த வளைவில் எந்தப் புளியமரம் நிற்கிறது என்று எனக்கு மனப்பாடம்.

இது செல்விக்குத் தெரியாது. ஜெர்லினுக்கும் தெரியாது. உன் மூலமாகத் தெரிந்தால் அப்பாவுக்கு அப்புறம் எனக்கு அக்காவும் இல்லை என்று வைத்துக்கொள்வேன்.

பென்னி


தூத்துக்குடி
28 மே 2025

பென்னி,

உனக்கு அக்கா இல்லாமல் போனால் பரவாயில்லை. அந்த வேனில் ஏறுகிற பிள்ளைகளுக்கும் அம்மா அப்பா இருக்கிறார்கள்.

புளியமரம் நீ சொன்ன இடத்திலேயே நிற்கும். பிள்ளைகள் நிற்கமாட்டார்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு பிள்ளை ஓடி வந்தால் உனக்குத் தெரியுமா? இதற்கு மட்டும் பதில் எழுது. பஸ் போர்டைப் பற்றி எழுதாதே.

பள்ளி திறக்கிற அன்றைக்கு நீ ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் செல்வியைக் கூப்பிட்டுச் சொல்வேன். பள்ளிக்கூடத்துக்கும் சொல்வேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. நாலு முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

பெர்சிஸ்


குற்றாலம்
1 ஜூன் 2025

அக்கா,

நீ கேட்ட கேள்விக்குப் பதில், தெரியாது.

பள்ளி வேனைக் கடையநல்லூர் சமீரிடம் கொடுத்துவிட்டேன். துபாயில் பஸ் ஓட்டிவிட்டு வந்த பையன், நிதானமானவன். முதுகுவலி என்று செல்வியிடம் சொன்னேன். நம்பிவிட்டாள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாள். அவள் ஒத்தடம் கொடுக்கும்போது குப்புறப் படுத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை எழுத முடியாது.

அருவி வண்டியை மட்டும் இந்த சீசனுக்கு நானே ஓட்டுகிறேன். பகலில் மட்டும். ஏறுகிறவர்கள் எல்லாம் பெரியவர்கள். சீசன் முடிந்ததும் செல்வியிடம் நானே சொல்வேன். இதற்கு மேல் என்னை நெருக்காதே.

பென்னி


தூத்துக்குடி
5 ஜூன் 2025

தம்பி,

பாதிக் கிணறு தாண்டியிருக்கிறாய். பாதி தாண்டினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் 'தெரியாது' என்று எழுதினாயே, அந்த ஒரு வார்த்தைக்காக நான் இறங்கி வருகிறேன். சீசன் முடிகிற வரை செல்வியிடம் பேசமாட்டேன். இப்படி எழுதுவது சரியா என்று எனக்கே தெரியவில்லை.

தூண்களை இன்று லாரி பார்சலில் ஏற்றிவிட்டேன். சாக்கு சுற்றியிருக்கிறது. வந்ததும் பிரித்து, நிழலில் காற்றாட இரண்டு வாரம் படுக்கப்போடு. அங்கத்துக் காற்றுக்கு மரம் பழகின பிறகு ஆசாரி கை வைக்கட்டும்.

மழை மேகம் கட்டினால் வண்டியை எடுக்காதே. அது பகல் இல்லை.

பெர்சிஸ்


குற்றாலம்
14 ஜூன் 2025

அக்கா,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்று முன்தினம் பிற்பகலில் ராஜபாளையத்துக் குடும்பம் ஒன்றை ஐந்தருவியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். கிளம்பும்போது வெயில் அடித்தது. பாதி வழியில் மலையிலிருந்து மேகம் இறங்கி ரோட்டை மூடிவிட்டது. வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். பின்னால் இருந்தவர் "அண்ணாச்சி, சீக்கிரம் போங்க, ரயிலுக்கு நேரமாயிட்டு" என்றார். நானும் இந்த வழி எனக்கு மனப்பாடம்தானே என்று போனேன்.

ரோட்டோரத்தில் சைதூன் பீவி என்கிற அம்மா தள்ளுவண்டியில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்பார். தினமும் பார்க்கிற ஆள். மழைக்காக அன்று வண்டியை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்திருக்கிறார். எனக்கு அவர் தெரியவில்லை. வண்டியும் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது. பிறகு கண்ணாடி மேலெல்லாம் சிவப்புச் சிவப்பாக உருண்டது. அது பழம் என்று புரியுமுன் ஒரு நொடி இருந்தது, அக்கா. அந்த ஒரு நொடி என்னை விட்டுப் போகாது.

இறங்கினேன். அந்த அம்மா சகதியில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு மடங்கித் தொங்கியது. கூட்டம் கூடிவிட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "கண்ணு தெரியலியாவே ஒமக்கு?" என்று கேட்டார். ரோட்டில் யாரும் யாரையும் கேட்பதுதான். நானே எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன்.

"தெரியலம்மா" என்றேன். "நெசமாவே தெரியல. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு."

என்னை அடிக்க வந்தவன் ஒருவன் கையை இறக்கிவிட்டான். அந்த அம்மாதான், "அப்ப எதுக்குவே வண்டிய எடுத்தீரு? பொறவு ஒரு புள்ள வந்து விழுந்திருந்தா?" என்றார். நீ கேட்ட அதே கேள்வி.

ஆஸ்பத்திரியில் அவருக்கு எலும்பைச் சேர்த்துக் கட்டு போட்டிருக்கிறார்கள். நான் காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வழக்கு எழுதியிருக்கிறார்கள். லைசென்ஸைக் கொடுத்துவிட்டேன். கோர்ட்டுக்குப் போக வேண்டும். அதைவிடப் பெரிய கோர்ட்டு வீட்டில் இருந்தது. செல்வி கத்தவில்லை. "முதுகுவலின்னு சொன்னிய. நானும் மூணு வேளையும் ஒத்தடம் போட்டேன். என்னைய எவ்வளவு பெரிய கோட்டிக்காரியா ஆக்கிட்டிய" என்றாள். அதோடு சரி.

பென்னி


தூத்துக்குடி
18 ஜூன் 2025

தம்பி பென்னி,

உன் கடிதத்தைக் கிடங்கில் நின்றுகொண்டே படித்தேன்.

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. சீசன் முடிகிற வரை பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவள் நான். உன் 'தெரியாது' என்கிற வார்த்தையில் இளகிப்போய், இனி எனக்குத் தம்பி கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் அப்படி எழுதினேன். மறுபடியும் நீ என்னை வெட்டிவிடக்கூடாது என்று பயந்தேன். அந்த பயத்துக்கு விலையாகப் போனது ஒரு பொம்பளையின் மணிக்கட்டு. அவருக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். செய்கிறேன்.

இன்று செல்வியோடு போனில் பேசினேன். எனக்கு முன்னமே தெரியும் என்பதையும் சொன்னேன். "ஒங்க ரெண்டு பேருக்கும் நான் அன்னியமாப் போயிட்டேன் என்ன, மதினி?" என்றாள். போனை வைக்கும்போது, "ஜெர்லினுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வியை உன்னிடம் விடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் நான் கேட்ட விதத்தில் கேட்கமாட்டேன். ஆனால் கேட்காமல் இருக்க முடியாது. அவளைச் சோதித்துப் பார்ப்பாயா?

பெர்சிஸ்


குற்றாலம்
6 ஜூலை 2025

அக்கா,

பதில் எழுதத் தாமதம். இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல ஜெர்லின் எழுதுகிறாள். நான் தயங்கி நிறுத்துகிற இடத்தில் எல்லாம், "ம், சொல்லுங்க" என்கிறாள்.

திருநெல்வேலிக்குப் போய் வந்தோம். எனக்கும் அப்பாவுக்கு வந்ததேதான். இரண்டு பக்கப் பார்வையும் பெரும்பாலும் போய்விட்டது, நடுப்பார்வை இன்னும் சில வருஷம் இருக்கலாம் என்கிறார் டாக்டர். செல்வி கூட வந்தாள். டாக்டர் சொன்னதை எல்லாம் அவள்தான் கேட்டுக்கொண்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில், பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் என் கையைப் பிடித்தாள். "இனி எதையாவது மறைச்சிய, அந்த அருவிலயே தள்ளி விட்டுருவேன்" என்றாள்.

அருவி வண்டியையும் சமீரே ஓட்டுகிறான். சைதூன் பீவியின் கட்டு பிரிக்கிற வரை அவருடைய தள்ளுவண்டி நம் வீட்டு வாசலில் நிற்கிறது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து விலை சொல்வார், செல்வி எடை போட்டுக் கொடுப்பாள். அவருக்கு என் மேல் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

படி முடிந்துவிட்டது. பித்தளைத் திருகுதான் போட்டிருக்கிறது. முன்னால் தள்ளி நிற்கிற தூணில் ஆசாரியே முதல் நாள் முழங்காலை இடித்துக்கொண்டார். ஏன் அது அங்கே நிற்கிறது என்று இப்போது அவருக்கும் தெரியும். உச்சித் தூணின் வரியை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கிக் கொடுத்தார். மேகம் கட்டுகிற நேரத்தில்கூட அந்த மூன்றும் எனக்குத் தெரிகின்றன. மற்றதெல்லாம் கலங்கலாக இருக்கும்போது அவை மட்டும் நிற்கின்றன.

ஜெர்லின் விஷயம். நீயும் நானும் இரண்டு வருஷம் அவளை வைத்துச் சண்டை போட்டோம். அவளை ஒரு வார்த்தை கேட்டோமா? இந்த வாரம் கேட்டேன். அவள் சொன்னதை அவளே எழுதட்டும்.

அத்தை, நான் ஜெர்லின். எனக்கு இப்போ தெரிய வேண்டாம். பயந்துட்டுச் சொல்லலை. இந்த வருஷம் பரீட்சை இருக்கு. அதுக்கப்புறம் எனக்கே கேக்கணும்னு தோணும்போது நான் கேப்பேன். அப்போ உங்களத்தான் கூட வரச் சொல்லுவேன். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இதப் பத்திச் சண்டை போடக்கூடாது. அப்பா கண் கலங்குதாங்க. நான் எழுதிட்டேன்னு தெரிஞ்சா திட்டுவாங்க.

இதோடு நிறுத்துகிறேன், அக்கா. வீட்டு நடையில் கால் வைக்காதே என்று ஊர் கேட்கச் சொன்னவன் நான். வா என்பதையும் நான்தான் சொல்ல வேண்டும். வா.

பென்னி


தூத்துக்குடி
9 ஜூலை 2025

பென்னிக்கும் செல்விக்கும் ஜெர்லினுக்கும்,

ஜெர்லின், உன் இஷ்டம்தான். தெரிந்துகொள்வதுதான் எப்போதும் நல்லது என்று நினைத்து வாழ்ந்தவள் உன் அத்தை. நீ எழுதியதைப் படித்த பிறகு ஒரு ராத்திரி முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். இன்றும் முழுக்க ஒத்துப்போகவில்லை. ஆனால் கேட்கமாட்டேன். நீ கூப்பிடுகிற அன்றைக்கு வேலையைப் போட்டுவிட்டு வருவேன்.

செல்வி, உன்னிடம் நேரில் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. சைதூன் பீவியையும் பார்க்க வேண்டும்.

பென்னி, சனிக்கிழமை கிடங்கில் லீவு சொல்லிவிட்டேன். காலை பஸ்ஸில் ஏறி, திருநெல்வேலியில் மாறி, மத்தியானத்துக்குள் தென்காசி புது பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். சமீரைக் கூட்டிக்கொண்டு வந்து நில். அங்கே சீசன் கூட்டம் நெரியும், எல்லா முகமும் ஒரே மாதிரி ஓடும். நீ என்னைத் தேட வேண்டாம். நின்ற இடத்திலேயே நில். நான் உன்னைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

அக்கா